‘73’ என்றால் என்ன? வானொலி ஆர்வலர்களின் குழூஉக்குறிகளும் பொருள் மாற்றமும்

அமெச்சூர் வானொலிக்காரர்கள் இருவர் பேசி முடித்து விடைபெறும்போது ‘73’ என்பார்கள். மோர்ஸ் தட்டினாலும் மைக்கில் பேசினாலும், சென்னையில் இருந்தாலும் சிட்னியில் இருந்தாலும் இதுவே வழக்கம். ‘அன்பான வணக்கங்கள்’ என்பது இன்று அதற்குப் பொருள். 1857 ஏப்ரலில், அமெரிக்கத் தந்தி ஊழியர்களுக்காக வெளிவந்த ஒரு வழிகாட்டி இதழில் அதே எண்ணுக்குத் தரப்பட்டிருந்த பொருள் ‘என் காதல் உனக்கு’. காதலர் சொல்லாக அச்சேறிய ஓர் எண், முகமே பார்த்திராத இரண்டு முதியவர்கள் விடைபெறும் சொல்லாக எப்படி ஆயிற்று?

கேள்வி 73-ஓடு நிற்பதில்லை. இந்தப் பொழுதுபோக்குக்கு வயது நூறு ஆண்டுக்கு மேல். தேர்வு எழுதி, உரிமம் பெற்று, அழைப்புக்குறி வாங்கி, பலர் தாமே கட்டிய கருவியால் உலகத்தோடு பேசுகிறார்கள். அவர்களுடைய பேச்சில் வசவாகத் தொடங்கிய சொற்கள் பெருமைப் பெயர்களாகியிருக்கின்றன. கருவியின் பெயர்கள் பழக்கத்தின் பெயர்களாகியிருக்கின்றன. சிறு குழு ஒன்றின் சொல் ஏன் பொருள் மாறுகிறது என்பதற்கு இலக்கணிகள், மொழியியலாளர்கள், பொழுதுபோக்குக்காரர்கள் என்று பலரும் விடை தந்திருக்கிறார்கள். எந்த விடை எதுவரை செல்லும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மறைப்பதற்காகப் பிறந்த சொல்லா?

தமிழ் மரபில் இதற்குப் பெயர் உண்டு. பவணந்தியாரின் நன்னூல், தகுதி வழக்கின் மூன்று வகைகளில் ஒன்றாகக் குழூஉக்குறியை வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் உரைகளிலும் பாடநூல்களிலும் வழங்கும் உதாரணங்கள். ஒரு கூட்டத்தார் ஏதோ ஒரு காரணத்தால் ஒரு பொருளின் இயல்பான பெயரை விட்டு வேறொரு பெயரால் வழங்குவது என்பது விளக்கம். அந்தக் காரணத்தைப் பலரும் மறைத்தல் என்றே எடுத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர் முன் பொன்னின் பெயரைச் சொல்லக் கூடாத கடையை நினைத்தால் அது பொருந்தவும் செய்கிறது.

1976-இல் மொழியியலாளர் ஹாலிடே முன்வைத்த ‘எதிர்மொழி’ என்ற கருத்து இதற்கு அண்ணன் தம்பி உறவு. பெருஞ்சமூகத்துக்கு எதிராகவோ வெளியேயோ நிற்கும் குழு, தனக்கு முக்கியமானவற்றுக்கெல்லாம் புதுப்பெயர் சூட்டித் தனி உலகம் ஒன்றைக் கட்டுகிறது என்றார் அவர். சிறைச்சாலைப் பேச்சும் நிழலுலகப் பேச்சும் அவருடைய சான்றுகள்.

வானொலி ஆர்வலர்களுக்கு வந்ததும் இந்த விடை தடுமாறுகிறது. பொருளை மறைக்கும் நோக்கத்தோடு குறியீடாக்கிய செய்தியை அமெச்சூர் நிலையங்கள் நாடுவிட்டு நாடு அனுப்பக் கூடாது என்பது பன்னாட்டு வானொலி ஒழுங்குமுறை விதி. அலைவாங்கி வைத்திருக்கும் யாரும் ஒட்டுக் கேட்கலாம். அவர்களுடைய குறிச்சொற்கள் எல்லாம் கையேடுகளில் அச்சாகிக் கடையில் கிடைப்பவை. மறைக்க வழியே இல்லாத இடத்திலும் குழூஉக்குறி செழிக்கிறது என்றால், மறைத்தல் அதன் பயன்களில் ஒன்றாக இருக்கலாமே தவிர அதன் காரணம் ஆகாது. மேலும், நன்னூல் வகைப்பாடு ஒரு சொல் இன்று எப்படி வழங்குகிறது என்று சொல்கிறது. அது நாளை என்ன ஆகும் என்பது அதன் கேள்வியே அன்று.

ஆயினும் அதே நூற்பா வரிசையில் நிற்கும் இன்னொரு வகை இங்கே எதிர்பாராத வெளிச்சம் தருகிறது. இறந்தவரைத் ‘துஞ்சினார்’ என்பது மங்கலம். இறந்த வானொலிக்காரரை அவருடைய தோழர்கள் ‘சைலன்ட் கீ’ என்கிறார்கள்: அவர் தட்டிய சாவி மௌனமாகிவிட்டது. மோர்ஸ் சாவியைத் தொட்டே இராத, வாழ்நாள் முழுக்க மைக்கில் மட்டும் பேசியவருக்கும் அதே சொல்தான். உவமை தேய்ந்து மரபாகிவிட்டது.

பட்டியல்கள் சொல்லும் வரலாறு

இரண்டாவது விடை ஆவணத்தை நம்புகிறது: அச்சில் வந்த பட்டியல்களைக் கால வரிசையில் அடுக்கு, மாற்றம் தானே தெரியும் என்பது இதன் வழி. 73 இதற்கு நல்ல களம். 1857-இல் காதல். அதன்பின் தந்தி ஊழியர்களிடையே பொதுவான தோழமைக் குறி. 1859-இல் வெஸ்டர்ன் யூனியன் நிறுவனம் 1 முதல் 92 வரை எண்களுக்குத் தொடர்களை நிர்ணயித்து ‘92 குறியீடு’ என்று வகுத்தபோது, 73 ‘என் பாராட்டுகளை ஏற்றுக்கொள்க’ என்று சபை மரியாதை உடுத்திக்கொண்டது. நூற்றாண்டின் பிற்பகுதிக் கையேடுகளில் வெறும் ‘பாராட்டுகள்’. 1908-ஐ ஒட்டி வந்த டாட்ஜ் கையேட்டின் பதிப்பில் இன்றைய ‘அன்பான வணக்கங்கள்’. அதே பதிப்பின் வேறொரு பக்கத்தில் ‘பாராட்டுகள்’ என்ற பழைய பொருளும் திருத்தப்படாமல் கிடக்கிறது.

அந்தத் திருத்தப்படாத பக்கம்தான் என் பார்வையில் மிக முக்கியமான சான்று. ஒரே நூலில், ஒரே ஆண்டில், ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள். பொருள் மாற்றம் என்பது ஒரு நாள் இரவில் பழையது போய்ப் புதியது வருவதாக இல்லை. இரண்டும் ஒரே வீட்டில் நெடுநாள் குடியிருக்கின்றன.

இந்த முறையின் குறையும் இங்கேதான். பட்டியல் போடுபவர், சொல் எப்படி வழங்க வேண்டும் என்று தாம் நினைப்பதையும் சேர்த்தே எழுதுகிறார். 1857-இல் கம்பியின் மறுமுனையில் இருந்த ஊழியர் 73 தட்டியபோது காதலைத்தான் நினைத்தாரா, பட்டியல்காரர் மட்டும் அப்படி எழுதினாரா என்று தாளிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. தட்டிய ஓசை காற்றோடு போயிற்று. அச்சில் இருப்பதை மட்டும் கொண்டு பேச்சின் வரலாற்றை எழுதுபவர், கல்வெட்டை மட்டும் வைத்துச் சந்தைப் பேச்சை ஊகிப்பவர் நிலையில்தான் இருக்கிறார்.

‘73’ என்பதே பன்மை வாழ்த்து. அதனால் ‘73-ஸ்’ என்று சொல்வது பிழை என்று மூத்தவர்கள் இன்றும் திருத்துகிறார்கள். அவர்கள் காக்க முனைவது 1908 வாக்கில் நிலைபெற்ற பொருளை. அதற்கு முந்தைய பொருள்களுக்கு அப்படிக் காவல் நின்றவர்களும் இருந்திருப்பார்கள்.

ஹாம்: வசவு பெயரான கதை

பெயர்க் காரணக் கதைகள் இந்தச் சொல்லைச் சுற்றி மொய்க்கின்றன. ஹெர்ட்ஸ், ஆர்ம்ஸ்ட்ராங், மார்க்கோனி என்ற மூவரின் முதலெழுத்துகள் சேர்ந்ததே ஹாம் என்பது ஒன்று. ஹார்வர்டில் ஹைமன், ஆல்மி, மர்ரே என்ற மூவர் நடத்திய நிலையத்தின் பெயர் என்பது இன்னொன்று. ‘அமெச்சூர்’ என்பதன் லண்டன் பேச்சுத் திரிபு என்பது வேறொன்று.

ஹார்வர்டு கதை ஓர் ஆண்டுக் கணக்கிலேயே உடைந்துவிடுகிறது. 1911-இல் மாசசூசெட்ஸ் செனட்டர் டேவிட் வால்ஷ் உறுப்பினராக இருந்த குழுவின் முன், ஒரு மசோதாவை எதிர்த்து அந்த மூவரில் ஹைமன் சாட்சியம் சொன்னதாகக் கதை போகும். வால்ஷ் செனட்டுக்குச் சென்றதோ 1919-இல். ஹெர்ட்ஸ் முதலான மூவர் பெயர்க் கதைக்கும் இதே கதி. ஆர்ம்ஸ்ட்ராங் தம் மீளூட்டச் சுற்றைக் கண்டது 1912-இல், மாணவராக இருக்கும்போது. அதற்கு முன்பே தந்தி ஊழியர் கையேடுகளில் ‘ஹாம்’ இருக்கிறது: மட்டமான ஊழியர், கை வராதவர் என்ற பொருளில். கம்பித் தந்தியிலிருந்து கம்பியில்லாத் தந்திக்கு வந்த தொழில்முறை ஊழியர்கள், தங்கள் அலைவரிசையில் குறுக்கிட்ட பொழுதுபோக்குப் பையன்களை அதே வசவால் ஏசினார்கள். ஏசப்பட்டவர்கள் அதையே பெயராகச் சூடிக்கொண்டார்கள். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்பது இதைத்தான்.

தமிழில் இதற்கு உறவு தேடினால் ‘களிப்பு’ நினைவுக்கு வரும். கள்ளுண்ட மயக்கத்தைக் குறித்தது பின் மகிழ்ச்சியானது. நம் நூல்கள் இதை உயர்பொருட்பேறு என்கின்றன. மணத்தைக் குறித்த ‘நாற்றம்’ எதிர்த்திசையில் இறங்கியது, அது இழிபொருட்பேறு. ஹாமை உயர்பொருட்பேறு என்று வகைப்படுத்தலாம். ஆனால் வகைப்பெயர் சூட்டுவது நடந்ததைச் சொல்லுமே ஒழிய நடந்த காரணத்தைச் சொல்லாது. ‘களிப்பு’ யாரும் முயன்று உயர்த்தியது அன்று. ‘ஹாம்’ அப்படியன்று, வசவுக்கு ஆளானவர்களே எடுத்துக்கொண்ட சொல். ‘செமான்டிக்ஸ்’ என்ற துறைப்பெயரையே பிரெஞ்சில் வழங்கச் செய்த மிஷல் பிரெயால், 1897-இல் வெளியிட்ட நூலில், சொற்கள் தாமே உயர்கின்றன, தாழ்கின்றன என்று பேசுவதை ஏற்கவில்லை. பேசும் மனிதரின் தேவையும் விருப்பமும் பின்னால் இருக்கின்றன என்று வாதிட்டார். ஹாமின் வரலாறு அவர் பக்கம் நிற்கிறது.

பொய்யான பெயர்க் காரணக் கதைகளை ஆய்வாளர்கள் உடைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அவசரப்படுகிறார்கள் என்றே தோன்றுகிறது. மார்க்கோனியின் எழுத்தைச் சேர்த்து ஒரு வசவுக்கு யாரும் விளக்கம் கட்டமாட்டார்கள். அந்தக் கதை பிறந்தபோது ‘ஹாம்’ ஏற்கெனவே பெருமைச் சொல்லாகியிருக்க வேண்டும். அதாவது, கதை சொல்லின் பிறப்பைப் பற்றிப் பொய் சொல்கிறது; தான் பிறந்த காலத்தில் அச்சொல்லுக்கு இருந்த மதிப்பைப் பற்றி உண்மை சொல்கிறது. 1904-இல் மார்க்கோனி நிறுவனம் ஆபத்துக் குறியாக்கிய ‘சி.க்யூ.டி.’யும் அப்படியே. எல்லா நிலையங்களையும் அழைக்கும் ‘சி.க்யூ.’வோடு ஆபத்தைக் காட்டும் ‘டி’ சேர்ந்தது அது. ‘சீக்கிரம் வா, ஆபத்து’ என்று பொருள்படும் ஆங்கில விரிவு மக்கள் பின்னால் கட்டியது. எழுத்துகளின் தொழில்முறைக் காரணம் வெளியாருக்கு எட்டவில்லை என்பதற்கு அந்த விரிவே சான்று. சொல்லின் பொருளுக்கான காரணம் வெளிப்படையாகப் புலப்படாது என்று தொல்காப்பிய உரியியல் எச்சரிக்கிறது. புலப்படாத இடத்தை மக்கள் எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் என்பதும் ஆராயத்தக்கதே.

கருவி போனபின் நிற்கும் பெயர்

1905–06 காலத்தில் பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே, சொற்பொருள் மாற்றத்துக்கு மூன்று வகைக் காரணங்களைப் பிரித்தார்: மொழிக்குள்ளேயே உள்ளவை, சொல் குறிக்கும் பொருளே மாறுவது, சொல் ஒரு சமூகக் குழுவிலிருந்து இன்னொன்றுக்குப் போவது. பொழுதுபோக்குச் சொற்களை ஆராய இன்றளவும் இதைவிடப் பயனுள்ள சட்டகம் இல்லை என்பது என் கருத்து. இரண்டாவது காரணத்துக்கு ‘சி.டபிள்யூ.’வைப் போலத் தெளிந்த சான்று கிடைப்பது அரிது.

‘தொடரலை’ என்பது அந்த எழுத்துகளின் விரிவு. முதல் தலைமுறை நிலையங்கள் தீப்பொறியால் இயங்கின. ஒவ்வொரு பொறியும் கிளப்பும் அலை, கோயில் மணியை ஒருமுறை அடித்ததுபோல ஓங்கி எழுந்து தேய்ந்து அடங்கும். அடுத்த பொறிக்கு மீண்டும் எழும். வால்வுகள் வந்தபின், நாகசுரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுவதுபோல, ஏறாமல் இறங்காமல் ஒரே அளவில் நிற்கும் அலையை எழுப்ப முடிந்தது. அதுவே தொடரலை. 1921 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசனில் கூடாரமடித்துக் காத்திருந்த பால் காட்லி, அட்லாண்டிக்கைக் கடந்து வந்த அமெரிக்க அமெச்சூர் நிலையங்களைக் கேட்டார். அவற்றில் பெயர் பெற்ற 1பி.சி.ஜி. தொடரலை நிலையம். அதன்பின் தீப்பொறியின் நாள்கள் எண்ணப்பட்டன.

தீப்பொறி இருந்தவரை ‘சி.டபிள்யூ.’வுக்கு எதிர்ச்சொல் இருந்தது. எதனோடு வேறுபடுகிறது என்பதால்தான் அதற்குப் பொருள். தீப்பொறி அழிந்தது. எதிர்ச்சொல் இல்லாமல் போன பெயர், தன்னோடு எப்போதும் சேர்ந்தே இருந்த மோர்ஸைப் பற்றிக்கொண்டது. இன்று ‘சி.டபிள்யூ. தெரியுமா?’ என்றால் மோர்ஸ் தெரியுமா என்றே பொருள். விந்தை என்னவெனில், மோர்ஸ் தட்டும்போது அலை விட்டு விட்டுத்தான் போகிறது. ‘தொடர்’ என்ற பெயர், தொடராத ஒன்றுக்கு நிலைத்துவிட்டது. எள்ளிலிருந்து எடுத்ததற்கு மட்டுமே உரிய ‘எண்ணெய்’ இன்று மண்ணெண்ணெய் வரை வந்திருப்பதை அறிந்த நமக்கு இது புரியாததன்று.

இன்னொரு சிறு சான்று இதைவிட நுணுக்கமானது. வானொலிக்காரர்கள் மோர்ஸில் ‘உம்’ என்ற இணைப்புக்கு ‘இ.எஸ்.’ என்று தட்டுகிறார்கள். அந்த எழுத்துகள் எந்தச் சொல்லின் சுருக்கமும் அல்ல. அமெரிக்கக் கம்பித் தந்தியின் பழைய மோர்ஸில் இணைப்புக்குறி, ஒரு புள்ளி, சிறு இடைவெளி, மூன்று புள்ளி. பன்னாட்டு மோர்ஸில் அதே ஓசையைக் கேட்டால் ‘இ’, ‘எஸ்’. சிரிப்புக்குத் தட்டும் ‘ஹை’யையும் இப்படியே விளக்குவார்கள்: பழைய மோர்ஸில் ‘ஹோ’ என்பதன் இரண்டாம் எழுத்து, இடைவெளி விட்ட இரு புள்ளி, பன்னாட்டு மோர்ஸின் காதுக்கு அது ‘ஐ’. குறியீடு மாறியது, கை மாறவில்லை. ஓசை அப்படியே நிற்க, எழுத்து மட்டும் வேறானது. இதை மெய்யேயின் எந்த அறையில் வைப்பது? பொருளும் மாறவில்லை, குழுவும் மாறவில்லை, சொல்லைத் தாங்கிய ஊடகம் மாறியது. அவருடைய சட்டகத்தில் இதற்கு இடம் போதவில்லை.

வேலி தாண்டும் சொற்கள்

மெய்யேயின் மூன்றாவது காரணம் குழுக்களின் எல்லை. பெருவழக்கிலிருந்து சிறு குழுவுக்கு வரும் சொல் குறுகும். சிறு குழுவிலிருந்து வெளியே போவது விரியும் என்றார். 1912-இல் லண்டன் மாநாடு ஏற்ற க்யூ குறிகளில் ‘க்யூ.எஸ்.எல்.’ என்பது கிடைத்ததற்கான ஒப்புதல், ‘க்யூ.ஆர்.பி.’ என்பது ஆற்றலைக் குறைக்கச் சொல்வது. பொழுதுபோக்குக்காரர்கள் கையில் முதலாவது, தொடர்பை உறுதிசெய்து அனுப்பும் அஞ்சலட்டை ஆயிற்று; இரண்டாவது, ஐந்து வாட் அளவே வைத்து உலகத்தை எட்டிப்பார்க்கும் தனிக் கலையாயிற்று. தொழில்காரரின் கட்டளை, ஆர்வலரின் பெயர்ச்சொல்.

வெளியே போன பயணமும் உண்டு. கப்பல் தளத்தில் வானொலிக்காரர் இருந்த மரக்கூண்டு ‘ஷேக்’. ஆர்வலரின் வீட்டு அறைக்கு அது பெயராகி, 1921-இல் பாஸ்டனில் தொடங்கிய ரேடியோ ஷேக் கடைக்குப் போனது. வீட்டில் காய்ச்சிய மதுவைக் குறித்த ‘ஹோம்ப்ரூ’, தானே கட்டிய கருவிக்கு வந்து, 1975 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு கார் கொட்டகையில் கூடிய ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பின் பெயரானது. அங்கே வந்த ஸ்டீவ் வாஸ்னியாக் சிறுவயதிலேயே அமெச்சூர் உரிமம் பெற்றவர். சொல் ஆளோடு சேர்ந்தே நடந்திருக்கிறது.

வேலி தாண்டினால் சொல் எப்போதும் வெறுமனே விரியும் என்பதில்லை. அடிபட்டும் திரும்பும். ‘ஹேக்கர்’ இதற்குப் பேர்போன வழக்கு. எம்.ஐ.டி.யின் ரயில் மாதிரிக் கழகத்தில் ‘ஹேக்’ விளையாட்டுத்தனமான தொழில்நுட்பத் திறமையைக் குறித்தது. பீட்டர் சாம்சன் 1959-இலேயே கழகத்தின் சொற்களுக்கு அகராதி தொகுத்தார். நற்பொருளே மூலப்பொருள், 1983-க்குப் பின் பத்திரிகைகளும் திரைப்படமும் கெடுத்தன, திருடர்களுக்குக் ‘கிராக்கர்’ என்ற தனிச்சொல் வேண்டும் என்பது அக்குழுவின் நெடுநாள் வாதம். அதற்கு ஒரு தடை உண்டு. 1963 நவம்பரில் எம்.ஐ.டி.யின் மாணவர் இதழே, தொலைபேசி இணைப்புகளில் விஷமம் செய்தவர்களை ஹேக்கர்கள் என்று எழுதியிருக்கிறது. இருபொருளும் உள்ளேயே, தொடக்கத்திலேயே இருந்தன. வெளியார் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள் என்பதே சான்றுக்கு அருகில் வரும் முடிவு.

உள்ளிருந்தே வரும் திருத்தம்

வேலியையே பார்த்தால் உள்ளே நடப்பது தவறிப்போகும். ‘ஓ.எம்.’ என்றால் கிழவர், ‘ஒய்.எல்.’ என்றால் இளநங்கை. பதினைந்து வயதுப் பையனும் ஓ.எம்.தான், எண்பது வயதுப் பாட்டியும் ஒய்.எல்.தான். வயதுப் பொருள் அறவே போய்ப் பாலும் மரியாதையும் மட்டும் மிஞ்சின. மனைவியைக் குறித்த ‘எக்ஸ்.ஒய்.எல்.’, அதாவது ‘முன்னாள் இளநங்கை’, மற்றவற்றைப் போல எளிதாகத் தேயவில்லை. அதன் உள்பொருள் இன்னும் காதில் விழுவதால் பலர் அதை ஒதுக்குகிறார்கள். புதியவருக்குக் கற்றுத்தரும் மூத்தவருக்கு ‘எல்மர்’ என்ற பெயர் 1971 மார்ச் மாத ‘க்யூ.எஸ்.டி.’ இதழில், அப்படி ஒருவரை நினைவுகூர்ந்த பத்தியிலிருந்து பரவியது. ஆள்பெயர் பொதுப்பெயரானது அச்சிலேயே, தேதியோடு நிற்கிறது.

இப்படிப்பட்ட மாற்றங்களை யார் செய்கிறார்கள்? 2013-இல் பியர் சுவைஞர் குழுக்கள் இரண்டின் பல்லாண்டுக் குறிப்புகளைக் கணினியால் அலசிய ஓர் ஆய்வு தெளிவான விடை ஒன்றைத் தந்தது. புதியவர் முதலில் குழுவின் நடப்புச் சொற்களை ஆர்வத்தோடு கற்கிறார். ஒரு கட்டத்துக்குப் பின் அவர் பேச்சு உறைகிறது. குழு அவரைக் கடந்து போகிறது. ‘73-ஸ்’ என்பதைத் திருத்தும் மூத்தவர் இந்தச் சித்திரத்தில் அப்படியே அமர்கிறார். ஆனால் அந்தக் குழுக்களின் ஒவ்வொரு சொல்லும் எழுத்தில் பதிவாகியிருந்தது. உறுப்பினர்கள் சில ஆண்டுகளில் வந்து போனார்கள். ஐம்பது ஆண்டு ஒரே அழைப்புக்குறியோடு இருப்பவர்கள் நிறைந்த, பேச்சு பதிவாகாத ஒரு பொழுதுபோக்குக்கு அம்முடிவு எவ்வளவு பொருந்தும் என்று இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல இயலாது.

தீராதவை

மறைத்தல் என்ற விடை இந்தத் துறையைப் பொறுத்தவரை விழுந்துவிட்டது. பெயர்க் காரணக் கதைகள் வரலாறாக நிற்கவில்லை. ஆயினும் மதிப்பீட்டுச் சான்றாகத் திரும்ப எடுத்துப் பார்க்கத் தக்கவை. கருவி மாற்றம் சி.டபிள்யூ.வை முழுதாக விளக்குகிறது; ஹாமைத் தொடக்கூட இல்லை. குழு எல்லை ஹாமை விளக்குகிறது. காதல் சொன்ன 73 ஏன் இரண்டே ஆண்டில் சபைமரியாதையானது என்பதற்கு அதனிடம் விடை இல்லை, ஏனெனில் பேசியவர்கள் அதே தந்தி ஊழியர்கள்தாம். அங்கே ஒரு நிறுவனம் குறுக்கிட்டது. நிறுவனம் பட்டியல் வகுத்தால் சொல் எந்த அளவுக்குப் பணியும் என்பதை இந்த நான்கு விடைகளில் எதுவும் நேராகக் கேட்டதில்லை.

‘ஹாம்’ எந்த ஆண்டுகளில் கசப்பை இழந்தது என்பதும் துல்லியமாகத் தீரவில்லை. 1920-களை ஒட்டி என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் தொழில்காரர் வாயில் அது வசவாகவும் ஆர்வலர் வாயில் பெயராகவும் ஒரே சமயத்தில் ஒலித்த ஆண்டுகள் எத்தனை என்பதற்கு, அந்த ஆண்டுகளின் நிலையக் குறிப்பேடுகளையும் அஞ்சலட்டைகளையும் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். வீடுகளின் பரண்களில் இருக்கும் அந்த அட்டைகள், அவற்றை எழுதியவர்களின் சாவிகள் ஒவ்வொன்றாக மௌனமாக, பழைய காகிதத்தோடு சேர்ந்து எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.